ஏழு: மற்றவை

கிளுவங்காட்டில் எனக்கு விழுந்த பிளாக்கில்
நூற்றிருபது வீடு என்றது வரைபடம்.
சாக்பீசோடு இறங்கினேன்.
இருநூற்றுப் பதினாறு போட்ட பிறகும்
சுவர் முடியவில்லை.

லைன் வீட்டுக்காரர் சென்னியப்பன் பின்னாலேயே வந்தார்.
"கொறைச்சு எழுதுங்க டீச்சர்,
வரியப் போட்டுருவானுங்க."
பெருமையும் அடங்கவில்லை அவருக்கு:
"எங்கய்யன் காலத்துல இது கொறங்காடுங்க.
ரண்டு சாளை. பதனோரு உசுரு.
எருமையச் சேத்துத்தானுங்க பதனொண்ணு."

கிளுவை வேலி ஓடிய வரிசையில்
இப்போது கக்கூஸ் வரிசை.
மூடிய கிணற்றின் மேல்
பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜை.
அறுபதடி இருட்டின் தலையில் நின்றபடி
பெண்கள் நூல் பிசிறு வெட்டுகிறார்கள்.

பழைய கதையும் உண்டு திருப்பூர்ப் பக்கத்துக்கு.
நொய்யல் கரையோடு கிழக்கே போனால்
தோண்டத் தோண்டக் கல்மணி கிடைக்கும் மண்.
பச்சைக்கல்லைப் பட்டை தீட்டிக்
கணவாய் வழியாகக் கடலுக்கு அனுப்பினோம்;
கடல் காசு அனுப்பியது.
தீட்டியவர்கள் எத்தனை பேரென்று
யாரும் எண்ணி எழுதவில்லை.

இந்த முறை கடல்
ஆள் அனுப்பியிருக்கிறது.

பதினாலாம் அறை. பத்துக்குப் பத்து.
கேந்திரபாடாப் பையன்கள் ஆறு பேர், பாய் மூன்று.
பகல் ஷிப்ட் எழுந்த பாயில்
சூடு ஆறும் முன்னே ராத்திரி ஷிப்ட் படுக்கிறது.
குடும்பத் தலைவர் யார் என்றேன்.
சிரித்துக்கொண்டே
சோறு பொங்கத் தெரிந்தவனை முன்னே தள்ளினார்கள்.
பிரமோத் மல்லிக், வயது பத்தொன்பது, தலைவர்.
ஊர் எங்கே என்றதற்கு
என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தான்.
கோடு, கரை.
கோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீரில்,
ஒரு புள்ளி வைத்தான்.

இருபத்து மூன்றில் தைலம்மை.
நாகப்பட்டினம் பக்கம்; இங்கே ஓவர்லாக் டைலர்.
எதற்காக வந்தீர்கள்?
படிவத்தில் காரணம் அச்சாகியிருக்கிறது:
வேலை ஒன்று, வியாபாரம் இரண்டு,
படிப்பு மூன்று, கல்யாணம் நான்கு,
பிறந்ததும் வந்தது ஐந்து, குடும்பத்தோடு வந்தது ஆறு.
"கடல் வந்துச்சு" என்றாள்.
"வேலைக்குன்னு போட்டுக்கட்டுமா?"
"வேலை அங்கயும் இருந்துச்சு டீச்சர்.
விடியக்காலம் மூணு மணிக்கே இருந்துச்சு."

ஏழு போட்டேன். மற்றவை.

"பெத்தது மூணுன்னு எழுதிட்டீங்களா?"
எழுதினேன்.
"இருக்கறது?"
அதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.
ஒன்று என்று எழுதினேன்.
சின்னக் கட்டம்தான்,
ஒன்றைப் போட்ட பிறகும் இடம் நிறைய இருந்தது.

ராத்திரி கூட்டிப் பார்த்தேன்.
போன கணக்கில் நானூற்றுப் பதினேழு,
இப்போது ஆயிரத்து அறுபத்திரண்டு.
"நல்ல வளர்ச்சி மேடம்" என்றார் மேற்பார்வையாளர்.
வளர்ச்சி என்றால்
கதவு நிலையில் பிள்ளையின் உயரக்கோடு ஏறுவது
என்றுதான் நினைத்திருந்தேன்.
இது தட்டு சாய்ந்த பக்கம்
ரசம் ஓடி ஒதுங்குவது.
எங்கோ ஒரு கரையில் இன்னொரு டீச்சர்
பூட்டிய கதவுகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருப்பாள்.

என் படிவத்தையும் நானே நிரப்பினேன்.
பிறந்த ஊர் காங்கயம். காரணம் நான்கு.
கேட்க ஆளில்லாததால்
சீக்கிரம் முடிந்தது.

திருத்தச் சுற்றுக்குப் போனபோது
பதினாலில் இரண்டு பேர் மாறியிருந்தார்கள்;
பாய் அதே மூன்றுதான்.
பிரமோத்தின் உள்ளங்கை கழுவியிருந்தது.

வாசலில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது.
"மேல ஒரு மச்சு எடுக்கறனுங்க" என்றார் சென்னியப்பன்.
"எட்டு ரூமு. இப்பவே நம்பரப் போட்டுட்டுப் போயிருங்க,
மறுக்கா உங்களுக்கு அலைச்சல்."

சாக்பீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
அண்ணாந்து பார்த்தேன்,
சுவர் வரப்போகிற இடத்தை.