நாற்பத்தெட்டு நிமிடம்

சுபாங்கிலிருந்து பாயான் லெப்பாஸ்
நேர்க்கோட்டில் இருநூற்றெண்பது கிலோமீட்டர்.
நெடுஞ்சாலையில் முந்நூற்றைம்பது சொச்சம்,
தாப்பாவில் தேநீருக்கு நின்றால்
ஐந்து மணி நேரம்.
டிக்கெட்டில் அச்சடித்திருப்பது
ஒரு மணி பத்து நிமிடம்.
காற்று ஒத்துழைக்கும் வெள்ளிக்கிழமைகளில்
கிளம்பிய நாற்பத்தெட்டாவது நிமிடம்
தரை தொட்டுவிடுகிறது
என் மகள் வரும் விசிறி விமானம்.

அளப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.
ஓடுபாதைக்கு அந்தப் பக்கம்
சில்லுத் தொழிற்சாலையில்
தலைமுடியில் எழுபதில் ஒரு பங்கு
விலகியிருந்தாலும் கண்டுபிடிப்பேன்.
வீட்டில்தான் கோட்டை விட்டேன்.

லோஷினிக்கு ஒன்பது வயது.
கழுத்தில் மஞ்சள் பட்டை,
அதில் தொங்கும் உறைக்குள்
இரண்டு கையெழுத்து:
அனுப்புபவர், பெறுபவர்.
பார்சல் மாதிரியே இருக்கிறது என்று
முதல் தடவை சொல்லப்போய்
கவுண்டரில் காக் நோரைனி
முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

நீதிமன்றத் தாளில்
வெள்ளி ஆறு மணி முதல்
ஞாயிறு ஆறு மணி வரை என்றிருக்கிறது.
மேலே இருக்கும் நேரம்
யார் கணக்கு என்று வக்கீல் சத்தியவேலைக் கேட்டேன்.
கோப்பை மூடி
பார்க்கிங் எங்கே போட்டீர்கள் என்றார்.

'ஏறிட்டா' அங்கிருந்து வரும்.
'இறங்கிட்டா' இங்கிருந்து போகும்.
ஞாயிறு இரண்டும் இடம் மாறும்.
பதினெட்டு மாதமாக
அவளுக்கும் எனக்கும் இடையே
புழங்கும் தமிழ் அவ்வளவுதான்.

நேற்று தெற்கே கறுத்துக் கிடந்தது.
ஐம்பது நிமிடம் ஆயிற்று.
ஐம்பத்தெட்டு.
பலகையில் சுபாங் வரிசை மட்டும்
நிறம் மாறாமல் நின்றது.
அறுபத்து மூன்றில் கைபேசி அதிர்ந்தது:
'இறங்கிட்டாளா?'
வால் பக்கம் ஓர் ஆ.
பதினெட்டு மாதத்தில்
அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி.
'இன்னும் இல்ல' என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அதையே அடித்தேன்.
'சரி' என்று வந்தது.
பிறகு, 'நீங்க அங்கதானே இருக்கீங்க?'

கதவு திறந்து
பட்டை முதுகுப்பக்கம் திரும்பிக் கிடக்க
ஓடி வந்தாள்.
'ஜெரஜாக் தீவ மூணு தடவ பாத்தேம்ப்பா.
ரெண்டாவது பாலத்துல லைட்டு போட்டாங்க, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.
இன்னிக்கு எனக்கு
இருவத்தஞ்சு நிமிஷம் கூட கெடச்சிச்சு.'

பயமா இல்லையா என்றேன்.
பக்கத்து சீட்டு அங்கிள்தான்
சாமி கும்பிட்டாராம்.

அவ்வளவு நேரம் என்னம்மா செய்வ?

'ஒண்ணும் இல்ல.
அங்க யாரும் எங்கிட்ட
எதுவும் கேக்க மாட்டாங்க.'

காக் நோரைனி நீட்டிய தாளில்
பெறுபவர் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.
'இறங்கிட்டா. நல்லா இருக்கா' என்று அனுப்பினேன்.
அம்மா சாப்பிட்டாங்களா,
வீட்டுக்கு யார் வந்தாங்க,
பள்ளிக்கூடத்தில் என்ன,
வழக்கமாய்க் கேட்பதெல்லாம்
தொண்டை வரை வந்திருந்தன.

ரேடியோவை அணைத்தேன்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.
ஜெலுத்தோங் வரை பதினெட்டு நிமிடம்,
வெள்ளிக்கிழமை நெரிசலில் முப்பத்தொன்று.
நான் எதுவும் கேட்கவில்லை.