விதி பதினாலு, உட்பிரிவு ஆ

ஆய்வக நுட்பனர் சங்கம், கோத்தகிரி கிளை.
உறுப்பினர் எண்பத்திரண்டு,
சந்தா கட்டியவர் நாற்பத்தொன்று,
கோரம் பதினொன்று.
வங்கி மாடியில் வாடகை நாற்காலி இருபத்தைந்து
விரித்துப் போட்டு, செயலாளர் நான் ஒருத்தி.

பெள்ளி வந்தார், ஹெல்மெட் சொட்டச் சொட்ட.
சம்சாத் அக்கா சுண்டலோடு.
குஞ்சப்பனையில் யானை, நால்வர் வர முடியாதென்று போன்.
போன மாதமும் யானைதான்.

மூன்றரைக்கு ஏழு தலை.
கோரம் இல்லையேல் அரை மணி ஒத்திவை,
பிறகு இருப்பவரே கோரம் என்கிறது விதி.
எழுதியவர் மழைக்காலத்தில் மலையில் இருந்திருக்க வேண்டும்.

அந்த அரை மணியில்தான் ரூபவதி
ஊதாச் சாயம் படிந்த விரலைக் காட்டினாள்.
நேற்றுக் காலை ஊசி குத்தியதாம்.
யாருடைய ரத்தம் என்றோம்.
சொன்னாள்.
உன் கவனக்குறைவு என்றாராம் முதலாளி.
மாத்திரை எழுபத்திரண்டு மணிக்குள்.
அவளுக்குத் தெரியாதா?
தெரிந்துதான் இவ்வளவு நேரம்
சுண்டல் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெள்ளி எழுந்து
தன் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டினார்.
அக்கா ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு
டியூட்டியில் யார் என்று கேட்டு,
"தம்பி, நம்ம பொண்ணு வருது" என்றாள்.

நாலு மணிக்குக் கூட்டம் கூடியது.
ஆண்டுவிழா மலர் பற்றிய
தலைமையின் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது.
வந்தோர் ஏழு என்று எழுதினேன்.
இடையில் சென்றோர் இருவர்.
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து எடுத்தேன்.
ஒரு புள்ளி விழுந்தது,
அப்படியே விட்டேன்.

படத்துக்கு ஆள் நிறைய வேண்டுமாம்.
இருபது நாற்காலிகளை மடக்கி
பேனருக்குப் பின்னால் சாய்த்தோம்.