எட்டு மீட்டர்

அமைதி வேண்டும் என்றார்கள்.
நாங்கள் இரைச்சலை ஏற்றிக்கொண்டு வந்தோம்,
வெள்ளை வேனில், நூற்றுப்பன்னிரண்டு ஒலிபெருக்கி,
ஒவ்வொன்றும் காப்பிக் கோப்பை அளவு.

திரியெஸ்தே துறைமுகத்தருகே ஒரு கப்பல் காப்பீட்டு நிறுவனம்.
நான்காம் மாடி.
சுவர்களை இடித்த அன்று
"இனி நாம் ஒரே குடும்பம்" என்று கேக் வெட்டினார்களாம்.
குடும்பமானதுதான் வினை.
கணக்குப் பிரிவு ஃபுல்வியாவின் விவாகரத்து
எந்த அறையில், எத்தனை மணிக்கு என்பது
சரக்குப் பிரிவு முழுவதற்கும் தெரியும்.
மூழ்கிய கப்பலுக்கு என்ன கிடைக்கும் என்பது
கப்பல்காரனுக்கு முன்பே
காப்பி இயந்திரத்தைச் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும்.

வேலை இரவில்.
கூரைப் பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டால்
அங்கே வேறோர் அலுவலகம்:
குழாய்கள், தூசி, முன்பு வந்த எவனோ மறந்துபோன குறடு.
ஒலிபெருக்கியின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும்.
யாரையும் பார்த்து நேராகப் பேசக் கூடாது அது.
கான்கிரீட்டில் முட்டி, களைத்து,
சலித்த மாவுபோல் சத்தம் இறங்க வேண்டும்.

ஒந்தீனா ஏணியில். நான் கீழே, வயர்ச் சுருளோடு.
பதினோரு வருடமாக இப்படித்தான்.
இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே போரா காற்று
குப்பைத் தொட்டிகளைத் தெருவில் துரத்திக்கொண்டிருந்தது,
சத்தமே இல்லாமல்.
"சும்மா கிடைப்பதை அடைத்துவிட்டு
காசுக்கு வாங்குகிறார்கள், பார்" என்றாள்.

சோதனைக்கு
எட்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு நாற்காலி.
ஒருவர் பட்டியலை வாசிக்க, மற்றவர் கேட்டதை எழுத வேண்டும்.
கடல். கடன். உடல். மடல். மணல்.
இப்படி இருபத்தைந்து.
முதலில் கருவியை அணைத்துவிட்டு, பிறகு ஓடவிட்டு.
அணைந்திருக்கையில் எல்லாம் காதில் விழ வேண்டும்,
ஓடுகையில் எதுவும் விழக் கூடாது.
இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் எங்கள் கூலி.

அவள் வாசித்தாள்.
அணைந்தபோது இருபத்தைந்தும் எழுதினேன்.
ஓடியபோது மூன்று.
நல்ல கூரை.

பிறகு நான் வாசித்தேன்.
அணைந்த கூடத்தில், நிதானமாக,
வானொலியில் செய்தி சொல்பவனைப்போல.
அவள் தாளை நீட்டினாள்.
கடல் இருந்தது. கடன் இருக்க வேண்டிய இடத்திலும் கடல்.
உடலுக்கு ஒரு கோடு. மடலுக்கு ஒரு கோடு.
சரியானவை ஒன்பது.

"பேனா சரியில்லை."
கோடுகள் அழுத்தமாக இருந்தன,
அடுத்த தாள் வரை பதிந்திருந்தன.
அவள் அளவுநாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்,
ஏற்கெனவே சுருண்டிருந்ததை.

கருவி ஓடியபோது அவள் தாள் வெறுமை.
பூஜ்யம்.
எங்கள் தொழிலில் இதுவரை
எந்தக் கூடமும் வாங்காத தேர்ச்சி.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
இரண்டாவது கேட்பவர், அணைந்த நிலை.
இருபத்து நான்கு என்று எழுதினேன்.
இருபத்தைந்து என்றால் யாராவது நிமிர்ந்து பார்க்கலாம்.

இனி இரவுக்கு அரை டெசிபலாகத் தானே ஏறிக்கொள்ளும்.
ஒரேயடியாக ஏற்றினால் திங்கட்கிழமை புகார் வரும்.
இப்படி ஏற்றினால் மூன்றாவது வாரம்
ஃபுல்வியா குரலைத் தாழ்த்த மறந்துபோவாள்,
ஏன் என்று அவளுக்கும் தெரியாது.

பெட்டியை மூடிவிட்டு அணைக்கப் போனேன்.
"கொஞ்சம் ஓடட்டும்."
யாருடையதோ ஒரு நாற்காலியில் சாய்ந்து
இடது காதைக் கூரைக்குக் கொடுத்திருந்தாள்.
"இதற்கு அடியில்தான் என் விசில் நிற்கிறது."

என்ன விசில் என்று கேட்டேன்.
எட்டு மீட்டர் எல்லாம் இல்லை,
கை நீட்டினால் தொடும் தூரம்.
கண்ணை மூடியிருந்தாள்.

ஏணியை நானே இறக்கினேன்.
வேனுக்குள் உட்கார்ந்தேன், காற்று அதை ஆட்டியது.
நான்காம் மாடியில் விளக்கு
ஐந்து மணிக்கும் எரிந்துகொண்டிருந்தது.
ஹாரன் அடிக்க நினைத்தேன்,
அடிக்கவில்லை.