சாலை தின்ற சர்க்கரை

ஐந்து புள்ளி ஒன்று.
எந்த மருத்துவரும் பார்த்தவுடன்
அடுத்த தாளைப் புரட்டிவிடும் எண்.

பிஷ்கெக்கில் மணி நாலு.
ஜன்னலுக்கு வெளியே பாப்லர் பஞ்சு பறக்கிறது.
இயந்திரத்துக்குச் சந்தேகம் தெரியாது,
கொடுத்ததை அளக்கும்,
அவ்வளவுதான் அதன் நேர்மை.

ஆனால் சீட்டில், நாரின் செவிலி ஜூராகன்
பென்சிலால் கிறுக்கியிருக்கிறாள்:
கலிபா. ஐம்பத்திரண்டு வயது.
இரவில் நாலு தடவை எழுகிறாள்.
குடித்துக்கொண்டே இருக்கிறாள், தாகம் போகவில்லையாம்.

குழாயை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டியது
மாதுளை கழுவிய நீராய் நின்றது.
பொட்டாசியம் கூரையில் முட்டியது.
லாக்டேட்டோ
மலையேறி ஓடியவளுக்கு வரவேண்டிய அளவு.
கலிபா நாற்காலியில்
அசையாமல் கைநீட்டி உட்கார்ந்திருந்தவள்.

அப்படியானால் ஓடியது யார்?

ஊசி வெளியே வந்ததும்
இரத்தம் செத்துவிடுகிறது என்றுதான்
நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன்.
இல்லை. அது அடுப்பை அணைப்பதேயில்லை.
உடம்பு போய்விட்ட சேதி எட்டாத செல்கள்
கையிருப்புச் சர்க்கரையை
மணிக்குக் கொஞ்சமாய்த் தின்று
புளிப்பைக் கக்கிக்கொண்டு
வண்டியோடு வண்டியாய் வந்திருக்கின்றன.

ஓட்டுநர் எசென்குலைக் கூப்பிட்டேன்.
எட்டு மணிக்கு ஏற்றினேன் என்றான்.
டோலோன் கணவாயில் ஆட்டுமந்தை மறித்ததாம்.
அப்புறம் டயர் வெடித்தது.
"கோச்கோரில் சாப்பிட்டேன், அது தப்பா?"
பெட்டியில் பனிக்கட்டி?
"அது பத்து மணிக்கே தண்ணீர்.
ரேடியேட்டரில் ஊற்றிவிட்டேன்."

பிறகு தொப்பியைக் கழற்றி, மெதுவாக:
"அந்த அம்மாவின் சர்க்கரையைத் தின்றது நானா?"
நீ இல்லை, ஆடுகள் என்றேன்.
அவன் சிரித்தான்.

அந்த ஐந்து புள்ளி ஒன்றை அப்படியே அனுப்பியிருந்தால்
கலிபா நலம்.
தாகத்தோடு நலம்.

நிராகரிப்பு முத்திரைக்குக் கீழே எழுதினேன்:
சாம்பல் மூடிக் குழாயில் எடு.
கைப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிவைக்காதே.
முஷ்டி மடக்கச் சொல்லாதே.
மெல்லக் கவிழ்த்து நிமிர்த்து, குலுக்காதே.
எழுதி முடித்தபின்தான் உறைத்தது,
அவளிடம் சாம்பல் மூடியே கிடையாது.
இருபது குழாய்களைக் காகிதத்தில் சுற்றி
எசென்குலின் பின்சீட்டில் வைத்தேன்.
காலிக் குழாய்க்குப் பனி வேண்டாம்.

ஒன்பதாம் நாள் வந்தது:
ஒன்பது புள்ளி நாலு.
மோசமான எண். கலிபாவின் எண்.
கெட்ட சேதிக்கு நிம்மதியாய் மூச்சுவிட்டேன்,
யாரும் பார்க்கவில்லை என்றாலும்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பதிவேட்டில் பழைய எண்ணை
அழிக்கக் கூடாது என்பது விதி.
ஒற்றைக் கோடு, அடியில் எழுத்து தெரிய வேண்டும்.
கோடு போட்டேன்.
பக்கத்தில் பெயருக்கான கட்டம் இருந்தது.
டோலோன் கணவாய் என்று எழுதினேன்.