எட்டில் ஒன்று

பன்னிரண்டாம் எண் சட்டை என்னுடையது.
அந்தப் பருவம் முழுக்க அதில் அழுக்கே படவில்லை.
ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் ரூஷெனா முகர்ந்து பார்த்து
மடித்தபடியே திருப்பித் தருவாள்:
"இதுக்கு எதுக்குச் சோப்பு?"

பகலில் கண்ணாடி ஆலையில் குழல் ஊதுகிறவன்.
குழுவில் மாற்றுக் கோல்கீப்பர்.
உப்புக்குச் சப்பாணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஸ்திபோருக்குக் காய்ச்சல் வந்தால் நான் இறங்க வேண்டும்.
ஸ்திபோருக்குக் காய்ச்சல் வரவில்லை.

நாட்டுக் கோப்பையை ஏதோ கைதவறி வென்றுவிட்டோம்.
அதனால் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

செப்டம்பரில் ஐஸ்லாந்து.
ஸ்திபோர் ஓங்கி உதைத்த பந்து
காற்றில் யோசித்து
அவன் கைக்கே திரும்பி வந்தது.
நான் ஊதிய நீலக் குவளையை அவர்களுக்குக் கொடுத்தோம்.
அவர்கள் கொடுத்தது ஒரு கட்டுக் கருவாடு.
பஸ்ஸில் அந்த வாசம் நவம்பர்வரை இருந்தது.

நவம்பரில் லிஸ்பன்.
அந்நிய மண்ணில் போட்ட கோலுக்கு
எடை கூடுதல் என்று புதுச் சட்டம்.
ஓல்த்ரிக் முழங்காலால் இடித்து உள்ளே தள்ளிய ஒன்று
வீடு வந்து சேர்வதற்குள் இரண்டாகிவிட்டது.
"எல்லையில் கேட்டால்
எத்தனை என்று சொல்லட்டும்?"
என்றான் பஸ் டிரைவர்.

பிறகு ஆட்டமே இல்லை.
டிசம்பர். ஜனவரி. பிப்ரவரி.
மைதானத்தில் தொடையளவு பனி,
கோல் கம்பத்தின் மேல்பாதிதான் தெரிந்தது.
ஆனாலும் நாங்கள் எட்டில் ஒன்று.
நிலக்கரி வரிசையில் நிற்கும்போதும் எட்டில் ஒன்று.
பல் பிடுங்க வாயைத் திறந்தபோதும்.
உலை வாசலில் யாராவது, தெரியாதவர் மாதிரி,
"இப்ப எத்தனை குழு மிச்சம்?"
"எட்டு."
"அதுல நாம?"
"ஒண்ணு."
அவ்வளவுதான். திரும்பக் குழலை ஊதுவோம்.
ஆடாதவரை எங்களை யாரும் தோற்கடிக்க முடியாது.
அந்த மூன்று மாதம்
ஊரே பன்னிரண்டாம் எண் சட்டை போட்டிருந்தது.

மார்ச்சில் பனி உருகியது.
ஆண்ட்வெர்ப்பில் ஒன்றுக்கு ஒன்று.
எங்கள் ஊரில் ஒன்றுக்கு ஒன்று.
மூன்றாவது ஆட்டம், யாருக்கும் சொந்தமில்லாத சூரிச்சில்.
மூன்றாவது குவளைக்கு யாரும் திட்டமிடவில்லை.
ராத்திரி ஷிஃப்டில் அவசரமாக ஊதினேன்.
ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

நூற்றிருபது நிமிடம். இரண்டுக்கு இரண்டு. மழை.
நடுவர் பையிலிருந்து ஒரு மர வில்லை எடுத்தார்.
பூவும் இல்லை தலையும் இல்லை அதில்:
ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை.
கேப்டன் ஸ்பினியெக் "வெள்ளை" என்றான்.
மேலே போன வில்லை
சேற்றில் எங்கோ விழுந்தது.
நடுவர் ஒரு திசையில் தேடினார்,
அவர்கள் கேப்டன் இன்னொரு திசையில்.
ஸ்பினியெக் குனிந்தான்.
குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான்.
பிறகு தரையைக் காட்டி மற்ற இருவரையும் கூப்பிட்டான்.

சிவப்பு.

"முதுகு மறைச்சிருந்துச்சே, புரட்டி விட்டிருக்கலாமே"
என்று மதுக்கடையில் இன்றும் யாராவது ஆரம்பிப்பார்கள்.
வேண்டுமென்றுதான் சொல்கிறார்களா,
அவன் காதில் விழட்டும் என்றா, தெரியாது.
பெஞ்சிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் கை கீழே போனது.
வில்லையைத் தொடாமல் திரும்பி வந்தது.
பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

குவளை என் பையிலேயே ஊர் திரும்பியது.
பூ வைத்தால் கவிழ்கிறது.
பென்சில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்பினியெக் ஆலையில் பதினெட்டு வருஷம்
என் பக்கத்து உலையில் நின்றான்.
கேன்டீனில் "சூப்பா, உருளைக்கிழங்கா?" என்று கேட்டால்
தட்டை நீட்டிவிட்டு
ஜன்னல் பக்கம் பார்ப்பான்.
பரிமாறுகிறவளே
ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்புவாள்.