முப்பத்தொரு ஹெர்ட்ஸ்

டுலூத்தில் ஜனவரி.
கராஜில் பசை பிடிக்க மறுத்தது.
ஆகவே சமையலறைக்கு வந்தது பெட்டி:
ஆறு பலகை, நான்கு குறுக்குக் கட்டை,
எதிர்வீட்டு ரெய்னோவின் இரவலையும் சேர்த்துப்
பதினேழு கிளாம்ப்.

மேசை பறிபோனதில்
டோர்வால்ட் மூன்று நாள் நின்றபடி சூப் குடித்தான்.
எம்.டி.எஃப். தூள் சலித்த மைதாவாய்
சர்க்கரை டப்பா மூடியில், நாயின் முதுகில்,
அவன் மூக்குக் கண்ணாடியில்.
"இன்னும் எத்தனை நாளாம்?"
அதையும் நாயிடம்தான் கேட்டான்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காலையும் மாலையும் முதுகுக்குப் பின்னால்
நாற்பத்துநான்கு கீச்சுக்குரல்.
வீடு வந்தால் எனக்கு வேண்டியது
வார்த்தையே இல்லாத சத்தம்.
காதைத் தேடாமல்
நேரே முழங்காலுக்கு வருகிற சத்தம்.
படத்தில் கப்பல் மூழ்கினால்
என் சோபாவும் கொஞ்சம் மூழ்க வேண்டும்.

மேல்பலகையை ஒட்டிய அன்றுதான்
பென்சிலைக் காணோம்.
தட்டையான சிவப்புத் தச்சுப் பென்சில்,
அடிமுனையில் என் பல் பதிந்தது.
ரெய்னோ அப்போதுதான் காபி குடித்துவிட்டுப் போயிருந்தான்.
"கிளாம்ப் கொடுத்தாய், பென்சில் எடுத்தாய்,
கணக்கு நேராகிவிட்டதா?" என்று
தெருவைத் தாண்டிக் கேட்கும்படி கேட்டேன்.
பனி வாரிக்கொண்டிருந்தவன்
வாரிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் தபால்பெட்டியில்
செய்தித்தாளில் சுற்றிய புதுப் பென்சில் ஒன்று,
சீவாமல்.
அதற்குப் பிறகு அவன் காபிக்கு வரவில்லை.
நான் அதைச் சீவினேன்.
வேலை நிற்கக் கூடாதல்லவா.

பிறகு வால்நட் வெனீர்.
சுருளை விரித்தால் காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன்,
ஆனால் ஒரு மரத்தின் அத்தனை வருஷமும் அதில் ஓடுகிறது.
பலகையிலும் பசை, வெனீரிலும் பசை,
இரண்டும் காய்ந்தபின் மேலே சூடு.
சூட்டுக்கு டோர்வால்டின் இஸ்திரிப் பெட்டி.
ரேகை முன்பக்கத்தில் ஏறி
மூலையில் மடிந்து மேல்பக்கம் போகிறது,
ஓடை ஒன்று பாறையின் மேல்
பின்னோக்கி ஏறுவது போல.
அதைப் பார்த்துக்கொண்டே ஒரு தேநீரை ஆறவிட்டேன்.

ஞாயிறன்று அவன் வெள்ளைச் சட்டைக் காலரில்
மஞ்சளாய்க் கருகிய ஒரு கோடு.
அதோடே தேவாலய வாசலில் நின்று
எல்லோருக்கும் கைகொடுத்தான்.
அன்று மாலை தானாகவே வந்து
பெட்டியை நகத்தால் தட்டிக்கொண்டே போனான்,
தர்பூசணி வாங்குகிறவனைப் போல.
டக், டக், டக், டொப்.
"இங்கே காற்று இருக்கு."
என் கண்ணுக்குத் தப்பிய கொப்புளம்.
ரேகையோடு பிளேடால் கீறிப்
பசையை ஊசியில் ஏற்றி மறுபடி தேய்த்தேன்.
அவன் டார்ச் பிடித்தான்.
காலரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மூன்று கோட் வார்னிஷ்.
பதினைந்து அங்குல ஸ்பீக்கர், எட்டுத் திருகு.
இருபதில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினேன்.
இருபத்தைந்து: நாய் எழுந்து போயிற்று.
இருபத்தெட்டு: ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிலிர்ப்பு.
முப்பத்தொன்று:
டர்ர்ர்ர்.

குறுக்குக் கட்டையைச் சந்தேகித்தேன்.
வயரை, தரையை, திரைச்சீலைக் கம்பியைச் சந்தேகித்தேன்.
கம்பி கழன்று தலையில் விழுந்தது, அது வேறு.
மூன்று நாள்.
கடைசியில் எட்டுத் திருகையும் கழற்றி
தோள்வரை கைவிட்டுப் பஞ்சைத் துழாவினேன்,
கன்றுக்குக் கைவிடும் மாட்டு வைத்தியரைப் போல.

சிவப்பு.
தட்டை.
பல் பதிந்தது.

டோர்வால்ட் பார்த்தான்.
பூட்ஸை எடுத்து வந்து என் காலருகில் வைத்தான்.

தெரு அகலம் நாற்பது அடிதான்.
பாதி தேய்ந்த ரெய்னோவின் பென்சில் ஒரு கையுறையில்,
என்னுடையது மற்றதில்.
என்ன சொல்வதென்று யோசித்து முடிப்பதற்குள்
கதவு திறந்துவிட்டது.

"முப்பத்தொன்றில்தானே?" என்றான்.
"என் அலமாரித் தட்டெல்லாம்
மூன்று நாளாய் அதையே சொல்லுது."
பிறகு கையை நீட்டினான்.
"கிளாம்ப் எங்கே?"