ரேஷியோ பேக்கிங்

வெள்ளிக்கிழமை விடிகாலை இரண்டரைக்கு
அங்கே ஓட்டுப்பெட்டியை மூடினார்கள்.
அங்கேரிபாளையம் ரோட்டில் நான் விழித்திருந்தேன்,
அந்த நாட்டில் ஓட்டில்லாதவன்,
பன்னிரண்டாயிரம் பிள்ளைச் சட்டைக்குப் பொறுப்பானவன்.

ஏழு மணிக்குப் பவுண்டு ஒரு ரூபாய் சறுக்கியது.
எட்டரைக்கு இன்னொன்று.
முதலாளி ஷட்டரைத் தூக்கும்போது
ஷட்டரிடம் கேட்பதுபோல் கேட்டார்:
"யாருப்பா செயிச்சது?"
யாருமில்லைங்க.
"செரி, தோத்தது?"
அதுவும் முழுசாத் தெரியலைங்க.

பத்துக்கு லெஸ்டரிலிருந்து ஒரு வரி.
நிலைமை தெளியட்டும், அதுவரை லாரி ஏற்ற வேண்டாம்.
மூன்று முறை படித்தேன்.
தெளியட்டும் என்பது
சாயத் தண்ணீருக்கு நாங்கள் சொல்கிற சொல்.
எத்தனை நாள் என்று
தொட்டிச் சுவரில் யாரும் எழுதி வைப்பதில்லை.

பேக்கரி டிவியில் தொங்கு நாடாளுமன்றம் என்று ஓடியது.
தேங்காய்ப் பன்னைப் பிய்த்தபடி
கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் சொன்னார்:
"எங்க பெரியம்மா மருமக வார்டுக்கு நின்னா.
நூத்தி நாப்பத்தொண்ணு. எதுத்தவளுக்கும்
நூத்தி நாப்பத்தொண்ணு.
டப்பாவுல ரெண்டு சீட்டுப் போட்டுக் குலுக்கி
ஒரு பொடியன எடுக்கச் சொன்னாங்க.
பத்து நிமிசம், முடிஞ்சுது.
பொறவு ரெண்டு ஊடும் பேச்சுவார்த்தை இல்ல, அது வேற.
ஆனா எந்த லாரியும் நிக்கலையே."

பேக்கிங் மேசையில் துளசிமணி
ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்:
நீலம் ஐந்து, சிவப்பு ஐந்து, மஞ்சள் இரண்டு.
பையர் மாசியிலேயே அனுப்பிய கணக்கு,
தூணில் ஒட்டியிருக்கிறது.
அதைக் காட்டித்தான் கேட்டாள்:
"எந்த நெறமும் பாதியத் தாண்டக்கூடாதுன்னு
அவியளே எழுதியிருக்காங்க.
இப்பப் பொட்டிய ஒட்டறதுக்கு என்னங்க சங்கட்டம்?"
நான் டேப் ரோலின் முனையைத்
தேடிக்கொண்டே இருந்தேன்.

"அங்கெல்லாம் வெரல்ல மை வெப்பாங்களா?"
இல்லை, பென்சிலில் ஒரு பெருக்கல் குறி.
"பென்சிலா!"
பக்கத்து மேசை வரை சிரிப்புப் போயிற்று.
போன தேர்தலன்று காலை ஓட்டுப் போட்டு
நேரே ஷிப்ட்டுக்கு வந்தவள் அவள்.
இடக்கை விரல் மை காயவில்லை.
வெள்ளைப் பனியன் முப்பத்தொன்றில் கறை,
முப்பத்தொரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்,
காதர்பேட்டையில் கிலோ விலைக்குப் போனது.
"ஒரு ஓட்டுத்தான் போட்டேன்,
முப்பத்தோரு பீஸுல விழுந்துச்சு" என்பாள்.
கூலியில் பிடித்ததை மட்டும் சொல்ல மாட்டாள்.

அயர்ன் மேசையிலிருந்து துரியோதன் சாகு வந்தான்.
ஒடிசாவில் அந்தப் பேர் சாதாரணமாம்,
இங்கே வந்த முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம்.
"சார், நாளைக்கு சனி" என்றான்.
கேள்விக்குறி இல்லாமல்.

சனிக்கிழமை பாதிச் சம்பளம்.
மீதி, தெளிந்ததும்.
துரியோதன் இரண்டு முறை எண்ணினான்,
இரண்டு முறையும் பாதிதான் இருந்தது.
அவனிடம் எப்படிச் சொல்வது,
ஒரு தீவில் யாரும் முழுதாக ஜெயிக்கவில்லை,
அதனால் உன் தம்பிக்குப் பரீட்சைக் கட்டணம் இல்லை என்று.
சொல்லிப் பார்த்தேன்.
"யாரோ ஒருத்தர் சீக்கிரம் ஜெயிக்கட்டும் சார்,
யாரா இருந்தாலும்" என்றான்.

சாயங்காலம் லெஸ்டருக்கு எழுதினேன்:
சரக்கு தயார்.
நாங்கள் இன்னும் தயாரில்லை, மன்னிக்கவும், என்று வந்தது.
அந்த மனிதர் யாருக்குப் போட்டிருப்பார் என்று
முதல் முறையாக யோசித்தேன்.
அவருக்கும் தூக்கம் இருந்திருக்காது.

ஷிப்பிங் மார்க் இல்லாத ஆயிரம் பெட்டிகள்
வழியை அடைத்து நின்றன.
ஒன்றின் மேல் யாரோ டிபன் பாக்ஸ் வைத்த ஈர வட்டம்.
துளசிமணி குனிந்து பார்த்தாள்,
சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து
அதன்மேல் ஒட்டிவிட்டு
ஏழு மணிப் பஸ்ஸுக்கு ஓடினாள்.